பரிணாமமா, அறிவார்ந்த வடிவமைப்பா: பள்ளிப் பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்புதானா?

கேள்வி: கோட்டையூர்க்காரர்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவில் படிக்கும் என் மகளுக்கு, பள்ளி ஆண்டு விழாப் பட்டிமன்றத்தில் பேசும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. 'உயிரினங்களின் வடிவத்துக்குக் காரணம் பரிணாமமா, அறிவார்ந்த வடிவமைப்பா?' என்பது தலைப்பு. அவளுக்கு ஒதுக்கப்பட்டது இரண்டாவது அணி; அதாவது, உயிர்களின் சிக்கலான அமைப்பை அறிவுள்ள ஒருவர் திட்டமிட்டு வடிவமைத்திருக்க வேண்டும் என்று வாதிடும் அணி. கம்பன் கழகம் பிறந்த ஊரில் பட்டிமன்றம் என்றால் வீட்டில் யார் மறுப்புச் சொல்வார்கள்? அவளுடைய அப்பத்தா இப்போதே யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்.

என் தயக்கம் வேறு. நான் வணிகவியல் படித்தவன். உயிரியல் எனக்குப் பள்ளியோடு முடிந்துவிட்டது. மகள் தன் பேச்சுக்காகச் சில காணொளிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து வருகிறாள். பாக்டீரியாவின் பின்புறத்தில் கசையிழை ஒன்று மோட்டார் போலச் சுழல்வதையும், அதில் தண்டு, வளையம், இணைப்பு என்று ஒவ்வொரு பாகமும் பொருத்தமாக அமைந்திருப்பதையும், ஒன்றைக் கழற்றினாலும் அது நின்றுவிடும் என்பதையும் அசைபடமாகக் காட்டும்போது, உண்மையைச் சொன்னால், எனக்கும் வாயடைத்துப் போகிறது. 'இரண்டு பக்கமும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள் அப்பச்சி, அப்படியானால் அறிவியலில் இது இன்னும் முடிவாகவில்லை என்றுதானே பொருள்?' என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் அறிய விரும்புவது இதுதான். அறிவியலாளர்களுக்குள் உண்மையிலேயே இப்படி ஒரு விவாதம் நடக்கிறதா? கசையிழை வாதத்துக்கு உயிரியலார் என்ன விடை சொல்கிறார்கள்? நான் சதுர்த்தி தவறாமல் பிள்ளையார்பட்டிக்குப் போகிறவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடவுள் நம்பிக்கையைக் கேலி செய்யாமல் பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: விலங்கியல் ஆசிரியை, தேவகோட்டை

ஐயா, உங்கள் மகள் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உயிரினங்கள் பொது மூதாதைகளிடமிருந்து மாறி மாறி வந்தவை என்பதில் உயிரியலாளர்களிடையே விவாதம் இல்லை. அந்த மாற்றம் எவ்வெவ்வழிகளில், எவ்வளவு விரைவில் நிகழ்ந்தது என்பதில் விவாதம் நிறையவே உண்டு. காணொளிக்காரர்கள் இந்த இரண்டாவது விவாதத்தில் எழும் சத்தத்தை எடுத்து முதலாவதன் மேல் ஒட்டுகிறார்கள்.

வடிவமைப்பு வாதம் பழையது. அதற்கென்று ஒரு மதிப்பும் உண்டு. 1802-இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வெட்டவெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால் அதைச் செய்தவர் ஒருவர் இருப்பார் என்று நினைப்போமல்லவா, அப்படியானால் கண்ணைச் செய்தவர் யார் என்று கேட்டார். டார்வின் இளமையில் பேலியை விரும்பிப் படித்தவர். 1859-இல் அவர் வெளியிட்ட விடை பேலியின் கேள்வியை ஒதுக்கித் தள்ளவில்லை. சிறு சிறு வேறுபாடுகளில் பயனுள்ளவை தலைமுறைதோறும் எஞ்சி நின்று சேரும்போது, ஒருவர் திட்டமிட்டுச் செய்தது போலத் தோற்றமளிக்கும் விளைவு வரும் என்று காட்டியது. 1996-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி அதே கேள்வியைச் செல்லுக்குள் கொண்டுபோனார். எலிப்பொறியில் ஒரு பாகம் இல்லாவிட்டாலும் எலி பிடிபடாது. கசையிழையும் இரத்தம் உறையும் முறையும் அத்தகையவை. ஆகவே அவை படிப்படியாக வந்திருக்க முடியாது என்பது அவர் வாதம். அவர் பணியாற்றிய லீஹை பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையே, இக்கருத்துக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பது தங்கள் நிலைப்பாடு என்று வெளிப்படையாக அறிக்கை வைத்திருக்கிறது. 'இரண்டு பக்கமும் பேராசிரியர்கள்' என்பதன் உண்மையான அளவு அவ்வளவுதான்.

இரத்த உறைதலையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் உடலில் அது பல காரணிகள் ஒன்றை அடுத்து ஒன்று தூண்டப்படும் நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலியின் உறுப்பினரான பன்னிரண்டாம் காரணி திமிங்கிலங்களிலும் டால்பின்களிலும் இல்லை. இருந்தும் அவற்றின் இரத்தம் உறைகிறது. இன்றைக்கு இன்றியமையாததாக இருக்கும் ஒரு பாகம், வந்து சேர்ந்த நாளில் வெறும் கூடுதல் வசதியாக இருந்திருக்கலாம். பிறகு மற்றப் பாகங்கள் அதை நம்பி மாறிவிட்டால், அது இல்லாமல் முடியாது என்ற நிலை வரும். இதை எர்மன் முல்லர் 1918-இலேயே எழுதிவிட்டார். பரிணாமம் நடந்தால் இப்படிப் பின்னிக்கொண்ட அமைப்புகள் உருவாகும் என்பதுதான் அவர் எதிர்பார்ப்பு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அந்த மரபியலார் எதை எதிர்பார்த்தாரோ, அதையே ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்துப் பீஹி மறுப்பாகக் கொண்டுவந்தார்.

கண்ணைப் பற்றி மகளிடம் ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் கூட்டல் குறி ஒன்று இட்டு, அதற்கு வலப்புறம் எட்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு கரும்புள்ளி வைக்கட்டும். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், முகத்திலிருந்து ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டரில் கரும்புள்ளி காணாமல் போகும். புள்ளி இருந்த இடம் கறுப்பாகத் தெரியாது, வெள்ளைத் தாளாகவே தெரியும். மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. காரணம், நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளியுணரும் செல்களுக்கு முன்பக்கம் ஓடுகின்றன. அவை மூளைக்குப் போக வேண்டுமானால் விழித்திரையைத் துளைத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும். அந்தத் துளையில் பார்வை இல்லை. ஆக்டோபஸின் கண்ணும் நம்முடையதைப் போல வில்லை உடைய கண்தான். அதில் நரம்பிழைகள் பின்பக்கம் ஓடுவதால் குருட்டுப் புள்ளியே கிடையாது. தலைகீழ் விழித்திரையால் சில நன்மைகள் உண்டு என்று காட்டும் ஆய்வுகள் வந்திருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் முதுகெலும்பிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்பாடும் ஆக்டோபஸ் வகைக்கு வேறு ஏற்பாடும் ஏன் என்ற கேள்விக்கு, வந்த வழி வேறு என்பதைத் தவிர நல்ல விடை எனக்குத் தெரிந்து எவரும் தரவில்லை.

பதில்: கானாடுகாத்தான் வாசகர்

ஆசிரியை அம்மா அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் மறுபக்கத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டதாக எனக்குப் படுகிறது. நான் பொறியியல் படித்தவன். கசையிழை வாதத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அதன் அடிப்பகுதியை ஒத்த ஊசி போன்ற அமைப்பு ஒன்று பிளேக் நோய்க் கிருமியில் நச்சுப் புரதத்தைச் செலுத்தப் பயன்படுகிறது, ஆகவே பாதிப் பாகங்களுக்கும் வேலை உண்டு என்பது. ஆனால் மரபணு ஒப்பீடுகளின்படி அந்த ஊசி அமைப்பே கசையிழையிலிருந்து பிறகு வந்தது என்று பரிணாமவியலார்தாம் சொல்கிறார்கள். பேத்தியைக் காட்டிப் பாட்டி எப்படி வந்தாள் என்று விளக்க முடியுமா?

அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் தொடங்கிய ஆய்வையும் பெரிதாகச் சொல்வார்கள். பன்னிரண்டு குடுவைகளில் வளர்ந்த ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரே ஒரு குடுவையில், ஏறத்தாழ 31,500 தலைமுறைக்குப் பிறகு, ஆக்சிஜன் இருக்கும்போதே சிட்ரேட் என்ற வேதிப்பொருளை உண்ணும் திறன் வந்தது. நுணுகிப் பார்த்தால், ஏற்கெனவே இருந்த மரபணு ஒன்று படியெடுக்கப்பட்டு வேறிடத்தில் ஒட்டிக்கொண்டதே அதற்குக் காரணம். இதில் புதிது என்ன இருக்கிறது? முதல் செல் எப்படி வந்தது என்பதற்கோ இன்றுவரை உறுதியான விடையே இல்லை. உயிரினங்களுக்குள் இருக்கும் ஒற்றுமை, ஒரே வடிவமைப்பாளர் ஒரே பாகத்தைப் பல இடங்களில் பயன்படுத்தியதாகவும் இருக்கலாமே. கேள்வி கேட்பவரையே அறிவியலுக்கு எதிரி என்று முத்திரை குத்துவது முறையில்லை.

பதில்: பள்ளத்தூர் கட்டடக்காரர்

எனக்கு உயிரியல் தெரியாது. பழைய வளவு வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் வளைவுகளை நாள்தோறும் பார்க்கிறேன். நடுக்கல்லை உருவினால் வளைவு விழும்; பக்கத்துக் கல்லை உருவினாலும் விழும். கட்டும் முறை தெரியாதவர் பார்த்தால், எல்லாக் கல்லையும் ஒரே நொடியில் வைத்தால்தான் இது நிற்கும் என்பார். உண்மையில் கீழே மரத்தில் சென்ட்ரிங் அடித்து, கல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, காரை இறுகிய பிறகு மரத்தைப் பிரித்து எடுத்துவிடுகிறோம். எடுத்த மரத்தின் தடயம் சில வீடுகளில் சுவரில் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

கொத்தனார் ஒருவர் வேண்டுமே என்று கேட்பீர்கள். வேண்டும்தான், வளைவு தானாக வந்தது என்று நான் சொல்லவில்லை. 'ஒன்றை எடுத்தால் விழும், ஆகவே எல்லாம் ஒன்றாக வந்தவை' என்ற அந்த ஒரு கணக்கு மட்டும் தவறு என்று சொல்கிறேன்.

பதில்: விலங்கியல் ஆசிரியை, தேவகோட்டை

கட்டடக்கார அண்ணனின் எடுத்துக்காட்டை வகுப்பில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டும்.

கானாடுகாத்தான் நண்பர் எழுப்பியவை நல்ல கேள்விகள். ஊசி அமைப்பு கசையிழையின் மூதாதை அல்ல என்பது சரியே. ஆனால் பீஹியின் வாதம் 'சில பாகங்கள் இல்லாவிட்டால் மீதி பயனற்றது' என்பது. சுழலும் இழை இல்லாமலே அடிப்பகுதி வேறு வேலை செய்கிறது என்பது அந்த வாதத்தை முறிக்கப் போதுமானது, யார் மூத்தவர் என்பது அதற்குத் தேவையில்லை. மூதாதைத் தடயம் வேண்டுமென்றால் வேறிடத்தில் பார்க்க வேண்டும். கசையிழையைச் சுழற்றும் மோட்டார்ப் புரதங்களுக்கு, பாக்டீரியாச் சவ்வில் வேறு வேலை செய்யும் புரதங்களில் உறவினர் இருக்கிறார்கள். பாகங்களை வெளியே அனுப்ப உதவும் அதன் நொதி, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைத் தயாரிக்கும் நொதியின் ஒரு துணையலகுக்கு உறவு. முழு வரலாறும் எழுதப்பட்டுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எழுத முடியாத வரலாறு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்வேன்.

லென்ஸ்கியின் குடுவையில் பழைய மரபணுதான் படியெடுக்கப்பட்டது என்பதும் உண்மை. படியெடுப்பதும் இடம் மாறி ஒட்டுவதும் பழையதைப் புது வேலைக்குத் திருப்புவதும்தான் பரிணாமம் நடக்கும் விதம் என்று மரபியலார் சொல்லி வருகிறார்கள். எதை மறுப்பு என்கிறீர்களோ, அதுவே அதன் செயல்முறை. முதல் செல்லின் தோற்றம் திறந்த கேள்விதான். அதற்கு விடை எப்படி வந்தாலும், வந்த உயிர்கள் பிறகு எப்படிப் பல்கின என்ற ஆய்வு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரே வடிவமைப்பாளர் ஒரே பாகத்தைப் பயன்படுத்தியிருக்கலாம் என்றீர்கள். நல்ல பாகங்கள் ஒத்திருந்தால் அப்படிச் சொல்லலாம். கெட்டுப்போன பாகங்களும் ஒத்திருந்தால்? ஆடும் நாயும் வைட்டமின் சி-யைத் தம் ஈரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன; அவற்றுக்கு நெல்லிக்காய் தேவையில்லை. நமக்குத் தேவை. அதைத் தயாரிக்கும் கடைசி நொதிக்கான மரபணு நம் உடலில் இல்லாமல் இல்லை. சிதைந்து, செயலிழந்து கிடக்கிறது. சிம்பன்சியிலும் மற்றக் குரங்குகள் பலவற்றிலும் அது சிதைந்தே இருக்கிறது, அதுவும் பொதுவான சேதங்களோடு. கினிப் பன்றியிலும் அம்மரபணு வேலை செய்யாது, ஆனால் அங்கே சேதம் தனி விதம்.

இன்னொன்று. சிம்பன்சிக்கு 24 இணைக் குரோமோசோம்கள், நமக்கு 23. பொது மூதாதை உண்மையானால் ஓர் இணை தொலைந்திருக்க வழியில்லை. இரண்டு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால், முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய டி.என்.ஏ. வரிசை எங்கோ ஒரு குரோமோசோமின் நடுவில் கிடக்க வேண்டும், செயலிழந்த இரண்டாவது மையப்பகுதியின் எச்சமும் இருக்க வேண்டும். மனிதனின் இரண்டாம் குரோமோசோமில் இரண்டுமே கிடைத்தன. கிடைக்காமல் போயிருந்தால் பரிணாமவியலாருக்குப் பெரும் சிக்கல் ஆகியிருக்கும். தொல்லுயிரியலாளர் நீல் ஷூபினும் அவர் குழுவினரும் மீனுக்கும் நான்கு கால் விலங்குகளுக்கும் இடைப்பட்ட விலங்கு எந்த வயதுப் பாறையில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் தேடி, 2004-இல் ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுப் பழைமையான டிக்டாலிக் என்ற புதைபடிவத்தைக் கண்டெடுத்ததும் இப்படித்தான். நம் நாட்டிலும் ஒன்று உண்டு. புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் காஷ்மீரில் சேகரித்து வைத்திருந்த பாறைகளிலிருந்து, திமிங்கிலங்களின் நிலவாழ் உறவினமான இந்தோகையஸின் எலும்புகள் வெளிப்பட்டு 2007-இல் வெளியாயின. அதன் செவியெலும்பில் திமிங்கிலத்துக்கே உரிய தடிப்பு இருந்தது.

வடிவமைப்புக் கோட்பாடு இப்படி எதையாவது முன்கூட்டிச் சொல்லி, 'இது கிடைக்காவிட்டால் என் கருத்து தவறு' என்று கழுத்தை நீட்டியிருக்கிறதா? எது கிடைத்தாலும், எது கிடைக்காவிட்டாலும் 'வடிவமைப்பாளர் அப்படி விரும்பினார்' என்று சொல்லிவிட முடியும். கேள்வி கேட்பவர் எதிரி இல்லை. தோற்பதற்கு வழியே வைக்காத விடையை ஆய்வகத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் எங்கள் சங்கடம்.

பதில்: வழக்கறிஞர், தேவகோட்டை

இந்த விவாதம் ஒருமுறை நீதிமன்றப் படியேறியது என்பதை இங்கே சேர்க்க விரும்புகிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற சிற்றூரின் பள்ளி நிர்வாகக் குழு, டார்வின் கோட்பாட்டில் இடைவெளிகள் இருப்பதாகவும் வடிவமைப்புக் கருத்தை விளக்கும் நூல் நூலகத்தில் இருப்பதாகவும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ஓர் அறிக்கை படிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. பெற்றோர் பதினொரு பேர் வழக்குத் தொடுத்தனர். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில், இது அறிவியல் அல்ல, சமயக் கருத்தை வேறு பெயரில் பள்ளிக்குள் கொண்டுவருவது என்று முடிவு செய்தார். குறுக்கு விசாரணையில், தாம் வகுத்த வரையறைப்படி சோதிடமும் அறிவியல் கோட்பாடாகும் என்பதைப் பீஹி ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நீதிபதியோ, பழமைவாதக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர். பெற்றோர் தரப்பின் முதன்மைச் சாட்சியான உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். கடவுள் நம்பிக்கை உடையவர் ஒரு பக்கம், இல்லாதவர் மறுபக்கம் என்று அந்த வழக்கு பிரியவே இல்லை.

அங்கே சிக்கியது அந்த நூலகத்து நூலின் வரைவுப் பிரதிகள். 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உயிர்களைக் கடவுள் நேரடியாகப் படைத்தார் என்னும் படைப்புவாதத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் சட்டத்தைச் செல்லாது என்றதும், நூலின் அடுத்த வரைவில் 'படைப்புவாதிகள்' என்ற சொல் இருந்த இடமெல்லாம் 'வடிவமைப்பை ஆதரிப்போர்' என்று மாறியிருந்தது. ஓரிடத்தில் அவசரமாக ஒட்டியதில் பழைய சொல்லின் தலையும் வாலும் புதிய சொல்லோடு சேர்ந்தே அந்த வரைவில் பதிந்திருந்தன. எந்தச் சாட்சியையும் விட அந்தப் பிழை நன்றாகப் பேசியது.

அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. நம் அரசியலமைப்பு வேறு. இங்கே 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமகனின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் நமக்கும் இது தொலைதூரச் செய்தி அல்ல. 2018-இல் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் டார்வின் கோட்பாடு தவறு என்று பேசியபோது நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகளும் கூட்டாக மறுப்பு வெளியிட்டன, 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டுக் கடிதம் எழுதினர்.

பதில்: குன்றக்குடி அன்பர்

சைவ நூல்களில் பயிற்சி உள்ளவன் என்ற முறையில் சிறிது எழுதுகிறேன். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சித்தாந்தம் மூன்றாகப் பிரித்துப் பேசும். உலகுக்கு இறைவன் நிமித்த காரணன் என்பது எங்கள் கொள்கை. உலகுக்கு முதற்காரணமான மாயை விரியும் முறை எதுவாக இருந்தாலும் அந்தக் கொள்கைக்குக் குறைவு வராது. ஆனால் பாக்டீரியாவின் வாலில் மட்டும் அவன் கைவேலை தெரிகிறது, மற்றவை தாமாக வந்தவை என்று சொன்னால், அவனை எப்போதாவது வந்து பழுதுபார்த்துப் போகிறவனாக ஆக்கிவிடுகிறோம். நாளைக்கே அந்த வாலுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டால் அவன் எங்கே போவான்? இந்த வாதத்தைப் பக்தர்கள் ஏன் மகிழ்ச்சியோடு ஏற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பள்ளி மேடைகளில் இன்னொன்றும் கேட்கிறேன். 'புல்லாகிப் பூடாய்' என்ற திருவாசக வரியில் டார்வின் இருக்கிறார் என்று பேசிக் கைதட்டு வாங்குகிறார்கள். மாணிக்கவாசகர் சொல்வது ஓர் உயிர் எடுத்த பிறவிகளை. புழுவுக்கு அடுத்தபடி மரம் வருகிறது என்பதைப் பார்த்தாலே அது உடல்களின் வம்ச வரிசை அல்ல என்பது தெரியும். அந்தப் பாட்டுக்கு அறிவியலின் சான்றிதழ் தேவையில்லை. பிள்ளை அந்த வரியைத் தொடாமல் இருந்தால் நல்லது.

கோட்டையூர்க்காரர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மகளும் படித்தாள், கரும்புள்ளி மறைவதை அப்பத்தாவுக்கும் செய்து காட்டினாள். இப்போது அவளுக்கு அந்த அணியில் பேச மனமில்லை. ஆனால் பெயர் கொடுத்தாகிவிட்டது, அழைப்பிதழும் அச்சுக்குப் போகப் போகிறது. விலகச் சொல்வதா?

பதில்: விலங்கியல் ஆசிரியை, தேவகோட்டை

விலக வேண்டாம். முதலில் தமிழாசிரியரையும் உயிரியல் ஆசிரியரையும் சேர்த்துப் பார்த்துத் தலைப்பை மாற்றக் கேளுங்கள். கற்பா காதலா என்பதில் நடுவர் தீர்ப்புச் சொல்லலாம். குரோமோசோம் ஒட்டியதா இல்லையா என்பதைக் கைதட்டு தீர்மானிக்காது. உண்மையிலேயே இரு அணிக்கும் இடமுள்ள தலைப்பு வேண்டுமானால், 'பரிணாமத்தில் பெரும்பங்கு இயற்கைத் தேர்வுக்கா, தற்செயலுக்கா?' என்று வைக்கலாம். 1968-இல் ஜப்பானிய மரபியலாளர் மோட்டூ கிமுரா, மூலக்கூறு அளவில் நிகழும் மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் தீமையும் இல்லாமல் தற்செயலாகப் பரவுபவை என்று எழுதியதிலிருந்து நடந்துவரும் விவாதம் அது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரமும் இல்லை.

தலைப்பு மாறாது என்று சொல்லிவிட்டால், ஒதுக்கப்பட்ட அணியிலேயே பேசட்டும். பேலியின் கடிகாரத்திலிருந்து தொடங்கி, அந்தக் கேள்வி ஏன் அறிவாளிகளை இவ்வளவு காலம் ஈர்த்தது என்பதை நேர்மையாகச் சொல்லலாம். அதைச் சொல்ல அந்தக் கருத்தை நம்ப வேண்டியதில்லை. கசையிழை அசைபடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். எதிரணி அதற்காகத்தான் காத்திருக்கும்.